பெயர் சொல்லும் கற்கள்

நவம்பர்த் திங்கள் இரண்டாம் நாள் நம் பங்குகளில் கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலை சூட்டி, மெழுகுதிரி ஏற்றி வைத்து, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதற்காகக் காத்து நிற்கிறோம். இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். அவை பீடத்தருகே வாசிக்கப்படுகின்றன. அன்று ஒரே குருவானவர் மூன்று திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கலாம் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் அந்த அனுமதி எப்போது, எதை முன்னிட்டு வந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். 1748 முதல் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளுக்கு மட்டும் உரியதாயிருந்த அச்சலுகையை, முதல் உலகப் போரின் இரண்டாம் ஆண்டில், 1915 ஆகஸ்ட் 10 அன்று, திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் உலகிலுள்ள எல்லாக் குருக்களுக்கும் வழங்கினார். போர்க்களங்களில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த இளைஞர்கள் அவர் கண்முன் நின்றார்கள். நம் ஊர்க் கல்லறைத் திருநாளின் மூன்று பூசைகளுக்குள்ளும், நாம் அறியாமலே, அந்தப் போர் இருக்கிறது.

அதே போர் இங்கிலாந்து நாட்டுக் கிராமங்களில் வேறொரு விதமாகத் தங்கிவிட்டது. அங்கே ஏறக்குறைய எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும், கோயிலின் கல்லறை முற்றத்திலோ, கோயிலுக்குச் செல்லும் வழியிலோ ஒரு கற்சிலுவையோ தூணோ நிற்கும். அதன் அடியில் அவ்வூரிலிருந்து போருக்குச் சென்று திரும்பாதவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். சென்றவர் அனைவரும் உயிருடன் திரும்பிய ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவையே. அவற்றை 'நன்றி கூறும் ஊர்கள்' என்று தனியே பெயரிட்டு அழைக்கும் அளவிற்கு அவை அருமையாயின.

அந்தக் கற்களின் கீழ் யாரும் புதைக்கப்படவில்லை. கல்லறைக்குப் பதிலாக நிற்பவை அவை. 1915 ஏப்ரலில் பிரான்சில் கொல்லப்பட்ட இளம் அதிகாரி ஒருவரின் உடல் தோண்டி எடுக்கப்பட்டு, தாயகத்திற்குக் கொண்டுவரப்பட்டு, வேல்ஸிலுள்ள ஹாவர்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரர். செல்வாக்குள்ள குடும்பத்தின் மகன் மட்டும் ஊர் திரும்ப, உழவன் மகன் அயல்மண்ணில் கிடப்பதா என்ற கேள்வி எழுந்தது. உடல்களைத் தாயகம் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அப்போது பதவியிலிருந்த பிரதமர் ஆஸ்குவித்தின் மூத்த மகன் ரேமண்ட் ஆஸ்குவித் சோம் போர்க்களத்தில் வீழ்ந்தார். நாட்டை ஆண்டவராலும் தம் மகனின் உடலை வீட்டிற்குக் கொண்டுவர இயலவில்லை. அவர் இன்றும் பிரான்சில், கியிமோன் சாலைக் கல்லறைத் தோட்டத்தில், தம் வீரர்களின் நடுவே கிடக்கிறார்.

1917-இல் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் இக்கொள்கையை இன்னும் உறுதியாக்கியது. படைத்தலைவனுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு, ஒரே வடிவுடைய நடுகல் என்று விதித்தது. தாய்மார்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. மூன்று மைந்தரைப் போரில் இழந்த ஃபுளோரன்ஸ் செசில் சீமாட்டி, கல்லறைகள் மீது சிலுவையாவது நிறுத்த விடுங்கள் என்று 1919-இல் 8,000-க்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் முறையிட்டார். ஆணையம் இணங்கவில்லை. அதன் பக்கம் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும், மகன் கல்லறையின் தலைமாட்டில் ஒரு சிலுவை வேண்டுமென்று கேட்ட தாயிடம் அந்த நியாயத்தைச் சொல்லும் பணி நமக்கு வாய்க்காததற்கு மகிழ்கிறோம்.

உடலும் இல்லை, கல்லறையும் தொலைவில். எஞ்சியது பெயர் ஒன்றே. ஆகவே ஊரார் பெயரைக் கல்லில் எழுதிக் கோயிலருகே நிறுத்தினார்கள். இதில் நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'சமயச் சீர்திருத்தம்' எனப்படும் பிரிவினைக்கு முன், கத்தோலிக்க இங்கிலாந்தின் பங்கு ஒவ்வொன்றிலும் இறந்தோர் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. கோயிலுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தவர், ஒரு மெழுகுதிரிக்கு வழிசெய்தவர், அவர் மனைவி என அப்பட்டியல் நீளும். அதை மேடையிலிருந்து வாசித்து, அவர்கள் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கும்படி மக்களை அழைப்பார்கள். 1547-இல் ஆறாம் எட்வர்ட் மன்னரின் ஆட்சியில் இறந்தோருக்காகப் பூசை செய்யும் நிறுவனங்கள் யாவும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. உத்தரிக்கிற ஆன்மாக்கள் பற்றிய போதனை தள்ளப்பட்டது. பெயர்ப் பட்டியல்களும் மறைந்தன. ஏறத்தாழ 370 ஆண்டுகள், ஆங்கிலேயக் கிராமத்தின் பொது வழிபாட்டில் ஏழையின் பெயரை இறந்தபின் உரக்கச் சொல்லும் இடம் இல்லாமலே போயிற்று.

போர் வந்தது. 1916-இல் இலண்டனின் ஏழைத் தெருக்களில் மக்கள் தாமாகவே மாடங்கள் அமைத்தார்கள். போருக்குப் போன தெருவாசிகளின் பெயர்ப்பட்டியல், ஒரு பாடுபட்ட சுருபம், சில பூக்கள். கத்தோலிக்க வழக்கம் திரும்புகிறதே என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் துக்கம் இறையியல் தருக்கங்களுக்குக் காத்திருப்பதில்லை. 1917-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் அதிகாரபூர்வமான செபங்களிலேயே இறந்த வீரர்களுக்கான மன்றாட்டு இடம்பெற்றது. நம் பிரிந்த சகோதரர்களை வென்றுவிட்டதாக நாம் இதைச் சொல்லவில்லை. தாயொருத்தி இறந்த மகனின் பெயரைச் சொல்லாமல் செபிக்க முடியாது என்பதைப் போர் வெளிப்படுத்தியது, அவ்வளவே. கிராமத்துக் கோயில் முற்றத்தில் நிற்கும் அந்தக் கல், பழைய பெயர்ப் பட்டியலின் மறுபிறப்பு என்பது நம் துணிபு.

இதற்குச் சான்றாக ஓர் ஊரைப் பார்ப்போம். சாமர்செட் வட்டாரத்தில் மெல்ஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் அது கிளாஸ்டன்பரித் துறவுமடத்தின் சொத்து. அம்மடத்தின் கடைசி அதிபர் ரிச்சர்ட் வைட்டிங் 1539 நவம்பர் 15 அன்று மடத்தையடுத்த குன்றின்மேல் தூக்கிலிடப்பட்டார். 1895-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. மடத்தின் நிலங்கள் கைமாறின. மெல்ஸ் மாளிகையை 1543-இல் ஹார்னர் குடும்பம் விலைக்கு வாங்கியது. நம் கான்வென்ட் பள்ளிச் சிறுவர் பாடும் பாட்டில், மூலையில் அமர்ந்து பணியாரத்தில் கட்டைவிரலை விட்டுப் பழத்தை எடுப்பானே ஜாக் ஹார்னர், அவன் இக்குடும்பத்தவன்தான், அந்தப் பழம் மடத்தின் நிலப்பத்திரந்தான் என்றொரு கதை உண்டு. கதைக்கு ஆதாரமில்லை, குடும்பத்தாரும் அதை ஏற்றதில்லை. ஆயினும் கிண்டல் நிலைத்திருக்கிறது.

இக்குடும்பத்தின் கடைசி ஆண் வாரிசு எட்வர்ட் ஹார்னர். தம்பி மார்க் 1908-லேயே நோயால் இறந்துவிட்டான். எட்வர்ட் 1917 நவம்பர் 21 அன்று காம்ப்ரே போரில் கொல்லப்பட்டார். அவர் தமக்கை காதரின், முன் சொன்ன ரேமண்ட் ஆஸ்குவித்தின் மனைவி. பதினான்கே மாதங்களில் கணவனையும் உடன்பிறந்தவனையும் இழந்த பெண் அவர். மெல்ஸ் ஊரின் புனித அந்திரேயா கோயிலுக்குள் இன்றும் எட்வர்டின் நினைவாகக் குதிரைமீதமர்ந்த வீரனின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஓவியர் மன்னிங்ஸ் வடித்தது. பீடம் எட்வின் லுட்யன்ஸ் அமைத்தது. போர்க்களத்தில் எட்வர்டின் கல்லறைமீது முதலில் நட்டிருந்த எளிய மரச்சிலுவையைக் கொண்டுவந்து அப்பீடத்திலேயே பதித்திருக்கிறார்கள். பார்ப்பவர் கண் முதலில் வெண்கலக் குதிரைமேல் செல்லும். நெஞ்சில் நிற்பதோ மரச்சிலுவைதான். ரேமண்டுக்குக் கோபுரச் சுவரில் இலத்தீன் வாசகமும் அதன்மேல் வெண்கல மலர்வளையமும் உண்டு.

இவை மாளிகையின் துயரம். ஊரின் துயரத்திற்கு வேறு கல் வேண்டியிருந்தது. 1919-இல் லுட்யன்ஸ் ஊராருடன் நடந்து இடம் தேடினார். அந்த நடையைப் பற்றி மனைவிக்குக் கடிதமும் எழுதினார். அம்மனைவி எமிலி சீமாட்டி, அன்னி பெசன்ட் அம்மையாரின் வழியில் நம் அடையாறு வரை வந்துபோன பிரம்மஞானி என்பதை இங்கே இடையிட்டுச் சொல்லலாம். சாலையோரத்தில் இடம் தேர்ந்தது. கல்தூண் ஒன்று, உச்சியில் பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜியார், இருபுறமும் தாழ்ந்த சுவர், இருக்கைகள். அயல்நாட்டில் மாண்டோம், எங்கள் இன்பத்துக்குரிய ஊரில் எங்களுக்குக் கல் நிற்கிறது என்று இறந்தவர்களே பேசுவதாக அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் எழுதிய வரிகள் அதில் உள்ளன. 1921 ஜூன் 26 அன்று ரேமண்டின் தம்பி ஆர்தர் ஆஸ்குவித் அதைத் திறந்துவைத்தார். கோயிலுக்குள் தனிச் சிலை பெற்ற எட்வர்ட் ஹார்னர் இங்கே, தம் குடும்ப நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளோடு, பட்டியலில் ஒரு பெயர். கலைஞர்கள் குதிரைச் சிலையைப் புகழ்வார்கள். சாலையோரத் தூண்தான் இவ்வூரின் உண்மையான செல்வம் என்பது நம் மதிப்பீடு.

2015-இல் இங்கிலாந்தின் மரபுச்சின்னப் பாதுகாப்பு நிறுவனம், லுட்யன்ஸ் அமைத்த 44 போர் நினைவுச்சின்னங்களையும் ஒரே தொகுதியாக நாட்டின் மரபுடைமை என்று ஏற்றது. மெல்ஸ் தூணும் அதில் அடங்கும்.

இந்த லுட்யன்ஸ்தான் போர்க் கல்லறைத் தோட்டங்களில் சிலுவை வேண்டா என்று வாதாடியவர். பேரரசின் படையில் இந்துவும் முகம்மதியரும் சீக்கியரும் யூதரும் மாண்டிருக்க, அனைவருக்கும் பொதுவாகப் பலிபீடம் போன்ற ஒரு பெருங்கல் போதும் என்றார். ஆணையம் இரண்டையும் வைத்தது: புளோம்ஃபீல்டு வரைந்த சிலுவை ஒருபுறம், லுட்யன்சின் கல் மறுபுறம். அந்தக் கல்லில் பொறிக்க வாசகம் தேடியபோது, தம் ஒரே மகனை 1915-இல் லூஸ் போரில் இழந்திருந்த எழுத்தாளர் கிப்ளிங், அவர்கள் பெயர் என்றும் வாழும் என்னும் பொருளுடைய விவிலியத் தொடரைத் தேர்ந்தார். அது சீராக்கின் ஞானம் 44-ஆம் அதிகாரம். நம் விவிலியத்தில் இடம்பெற்று, புரட்டஸ்தாந்தத் திருமுறைக்குப் புறம்பாக நிற்கும் நூல்! பெயரைப் பற்றிப் பேச வேண்டிய வேளையில், புரட்டஸ்தாந்து இங்கிலாந்து தான் ஒதுக்கிவைத்த ஏட்டைத் திறக்க வேண்டியதாயிற்று.

மெல்ஸ் கோயிலின் கல்லறை முற்றத்திற்குத் திரும்புவோம். போருக்குப் பின் காதரின் ஆஸ்குவித் கத்தோலிக்கரானார். துறவுமடத்தின் நிலத்தை வாங்கிய குடும்பத்தின் வீட்டிலே மீண்டும் திருப்பலி ஒலித்தது. 1947 முதல் அவ்வீட்டில் தங்கியிருந்தவர் அருட்பணி ரொனால்டு நாக்ஸ். ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரின் மகனாகப் பிறந்து 1917-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். தனியொருவராக விவிலியம் முழுவதையும் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருடைய இளமைக்கால நண்பர் கூட்டத்தில் பலர் போரில் மாண்டவர்கள். 1957 ஆகஸ்ட் 24 அன்று இறந்த அவரை மெல்ஸ் கோயில் முற்றத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் அருகே தன்னைப் புதைக்கும்படி கேட்டுக்கொண்ட மற்றொருவர், சிக்ஃபிரிட் சசூன். வீரத்துக்காகப் பதக்கம் பெற்ற அதிகாரி. 1917-இல், முடிவுக்குக் கொண்டுவரக்கூடிய போரை ஆள்வோர் வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை வெளியிட்டு, இராணுவ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். 1927-இல் பெல்ஜியத்தில் மெனின் வாயில் திறக்கப்பட்டு அதில் 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டபோது, அதைக் கண்டு சினந்து கவிதை எழுதியவரும் இவரே. பலிகொடுத்தவர்களே கல்லில் பெயர் எழுதிக் கைகழுவுவதா என்பது அவர் கோபம். அக்கோபத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. நினைவுக்கல் ஒவ்வொன்றும் அந்த ஆபத்தைச் சுமந்தே நிற்கிறது. துயரத்தைப் பெருமையாக மாற்றிவிடுவதும், அடுத்த தலைமுறைப் பிள்ளைகளைப் படைக்கு அழைக்கும் முரசாகிவிடுவதும் அதற்கு அரிதன்று. போர் ஓய்ந்த நவம்பர் 11 புனித மார்ட்டினின் திருநாள். போர்வையைப் பகிர்ந்தளித்த அந்தப் படைவீரர் பின்னர் போரிட மறுத்துப் படையை விட்டவர் என்பதை நினைவுநாள் விழாக்களில் யாரும் அதிகம் சொல்வதில்லை. சசூன் 1957-இல், தம் எழுபதாம் வயது கடந்தபின், டவுன்சைடு ஆசிரமத்தில் கத்தோலிக்கரானார். 1967-இல் இறந்து மெல்ஸில் நாக்ஸுக்கு அருகே துயில்கிறார். பெயர் பொறித்த பெருவாயிலைச் சாடியவருக்கு, பெயர் பொறித்த சிறு கல் ஒன்று அந்த முற்றத்தில் இருக்கிறது.

லுட்யன்ஸ் மெல்ஸ் தூணை முடித்த அதே 1921-இல், பிப்ரவரி 10 அன்று, அவர் வரைந்த மற்றொரு சின்னத்திற்குப் புதுதில்லியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாம் இந்தியா கேட் என்று அறியும் அது 1931-இல் முடிந்தது. 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. பிரான்சின் நவ் ஷப்பேல் என்னுமிடத்தில் 1927-இல் திறந்த நினைவகத்தில், மேற்குப் போர்முனையில் கல்லறை இன்றி மறைந்த 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் பெயரோடு நிற்கிறார்கள். ஆனால் நம்மவர் மிகுதியாக மாண்டது பிரான்சிலன்று, மெசப்பொத்தாமியாவில். சென்னை மாகாணத்தின் சாப்பர் படையினர் ஆற்றுப்பாலங்கள் கட்டியது அங்கேதான். அப்படையில் ஒடுக்கப்பட்ட குலத்தாரும் கிறிஸ்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். 1929-இல் பாஸ்ராவில் திறந்த நினைவகத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் கிடைத்தது. இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், இத்தனை பேர் என்ற எண்ணுமே கிடைத்தன.

நம் சிற்றூர்கள் சிலவற்றிலும் அக்காலத்துச் சிறு கல்வெட்டு ஒன்று சுவரில் பதிந்திருப்பதைக் காணலாம். இவ்வூரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற அளவே அதன் வாசகம். இந்தியா முழுவதும் அரசு பதித்த ஒரே வார்ப்பு அது. மெல்ஸ் தூணின் உறவினக் கல்தான். ஆனால் பெயர் இல்லை. செங்கம் பகுதியின் பல்லவர் காலத்து நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கச் சென்று பட்ட சாதாரண வீரனுக்குக்கூட, எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தச் சண்டை, அவன் பெயர் என்ன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே வீரனின் பெயரைக் கல்லில் காத்த நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் அரசு எண்ணிக்கையை எழுதிவிட்டுச் சென்றது.

இது தற்செயலன்று என்பதை அந்த ஆணையமே ஒப்புக்கொண்டுவிட்டது. 2021 ஏப்ரல் 22 அன்று வெளியான அதன் விசாரணை அறிக்கை, இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் எனச் சுமார் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாகவும், இன்னும் 1,16,000 பேரேனும் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும், அத்தொகை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் கூறியது. இனப்பாகுபாடே காரணம் என்று சொல்லவும் அது தயங்கவில்லை. அன்றே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் மன்னிப்புக் கோரப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், இலாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கிடந்த பஞ்சாப் பதிவேடுகள் கணினியேற்றப்பட்டு வெளிவந்தன. ஊர் ஊராக 3,20,000 வீரர்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் தங்கள் ஊரின் பக்கத்தைத் தேடிப் படிக்கிறார்கள்.

நம்மிடமும் ஏடுகள் உண்டு. மெசப்பொத்தாமியாவில் இறந்தவனை நம் பங்கின் மரணப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. அவனை எந்தப் பங்குத்தந்தையும் இங்கே அடக்கம் செய்யவில்லை. ஆனால் 1914-இல் இருபது வயது கடந்த இளைஞன் கத்தோலிக்கனாக இருந்தால், 1890-களின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தை, தாய், ஞானப்பெற்றோர் பெயர்களுடன் அவன் இருப்பான். திருமணம் முடித்துச் சென்றிருந்தால் மற்றோர் ஏட்டிலும் இருப்பான். பிறகு, எந்த ஏட்டிலும் இல்லாமல் போவான். கல்வெட்டு எண்ணிக்கை மட்டும் சொல்லும் ஊரில், இந்த மூன்று ஏடுகளையும் அருகருகே விரித்துவைத்து, ஊரின் முதியவர்களையும் உடன் அமர்த்திக்கொண்டால், சில பெயர்களையேனும் எழுதிக் குருவானவர் கையில் கொடுத்துவிடலாம். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன் இதைச் செய்வதற்கு வேண்டியவை சில மாலைப்பொழுதுகளும், பங்குத்தந்தையின் அனுமதியும், மங்கிய மையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரும்.